காலயந்திரத்துக்குக் காலண்டர் தெரியாது

அந்த மனுஷனிடம் ஒரு காலயந்திரம் இருக்கிறது. ரோமாபுரி பற்றி எரிந்த நாளுக்குப் போவார். உலகம் அழியப்போகிற நாளுக்குப் போய் முன்வரிசையில் நின்று வேடிக்கை பார்ப்பார். பிரபஞ்சத்தில் அவர் போக முடியாத தேதியே கிடையாது. அப்பேர்ப்பட்டவருக்கு அறுபது வருஷத்தில் ஒரே ஒரு காரியம்தான் ஒழுங்காகக் கைகூடவில்லை. சொந்தப் பிறந்தநாளைச் சொந்தத் தேதியில் கொண்டாடுவது!

பெயர் டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. எந்தப் பல்கலைக்கழகமும் மேடை போட்டு, மாலை போட்டுக் கொடுத்த டாக்டரும் இல்லை. பிபிசியின் 'டாக்டர் ஹூ' என்ற டிவி தொடரின் ஹீரோ. வேற்றுக்கிரகவாசி, வயது பல நூறு. வண்டியின் பெயர் டார்டிஸ். வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் காலத்து லண்டன் தெருமுனைப் போலீஸ் நீலப் பெட்டி. உள்ளே போனால் முடிவே இல்லாத விசாலம். நம்ம ரியல் எஸ்டேட்காரர்கள் ப்ரோஷரில் மட்டும் செய்து காட்டும் வித்தை அது.

ஒரே குறை, ஸ்டீயரிங் சரியில்லை. அவர் ஒரு வருஷத்தைக் குறிவைத்தால் பெட்டி வேறொரு வருஷத்தில் போய் இறங்கும். கதாசிரியர்கள் விளையாட்டாக வைத்த குறை. அது கதையோடு நிற்காமல் பிபிசி ஆபீசுக்குள்ளும் புகுந்துவிட்டது என்பதுதான் நம்முடைய இன்றைய புராணம்.

முதல் எபிசோடுக்குக் குறித்த முகூர்த்தம் 1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை 5.15. முந்தைய நாள் டல்லாஸில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டார். உலகமே ரேடியோவில் காதை வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், 'இதோ பாருங்கள், காலயந்திரம்' என்று ஒரு தாத்தா வந்து நின்றார். அதுவும் சுமார் 80 விநாடி லேட்டாக! சில பகுதிகளில் கரண்ட் கட் வேறு. பாவம், அடுத்த வாரம் இரண்டாம் எபிசோடுக்கு முன்னால் முதல் எபிசோடையே மறுபடி போட வேண்டியதாயிற்று. பிறந்த குழந்தையை ஏழே நாளில் இன்னொரு தடவை பிறக்க வைத்த ஒரே தொலைக்காட்சி நிலையம் பிபிசியாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தப் பிரசவத்தைப் பார்த்தவர் யார் தெரியுமா? நம்ம ஆள். லக்னோவில் பிறந்த டைரக்டர் வாரிஸ் ஹுசைன், அப்போது வயது 24. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டும் இருபதுகளில் இருந்த இளம்பெண். கோட்டும் டையும் பைப்புமாகப் பெரியவர்கள் நிறைந்த பிபிசியில், ஓர் இந்தியப் பையன், ஓர் இளம்பெண், ஓட்டை ஸ்டூடியோ, சில்லறை பட்ஜெட். 'குழந்தைகள் புரோகிராம்தானே, நாலு வாரத்தில் தானே நின்றுவிடும்' என்று பெரியவர்கள் பைப்பைப் பற்றவைத்திருப்பார்கள். பைப் அணைந்து அறுபது வருஷமாகிறது.

வாரிஸ் ஹுசைன் அடுத்து மார்க்கோ போலோ கதையை எடுத்தார். ஏழு எபிசோடு, சீன அரண்மனை செட், பிரமாதமான உடைகள். இன்று பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் வீடியோ டேப் விலை அதிகம், அதனால் ஒளிபரப்பு முடிந்ததும் பிபிசி அழித்துவிட்டு அதன்மேல் வேறொன்றைப் பதிவு செய்துகொள்ளும். அப்படி இந்தத் தொடரில் மட்டும் தொண்ணூறுக்கும் மேற்பட்ட எபிசோடுகள் போயே போச்சு. மார்க்கோ போலோ மொத்தமாகக் காலி. சீனாவுக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பிய மனுஷன், பிபிசி அலமாரியிலிருந்து திரும்பவில்லை.

முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னெல். சிடுசிடு தாத்தா. வசனத்தை அடிக்கடி உளறுவார். டேப்பை நிறுத்தித் திரும்ப எடுக்கச் செலவாகும் என்பதால் உளறலையும் அப்படியே விட்டுவிடுவார்கள். ரசிகர்கள் அதையும் ஒரு கலையாக்கி ரசித்தார்கள். 1966-ல் அவருக்கு உடம்பு முடியவில்லை. வேறு தொடராக இருந்தால் மூட்டை கட்டியிருப்பார்கள். பிபிசியோ தாத்தாவைத் தரையில் சாய்த்து, முகத்தில் வெளிச்சம் பாய்ச்சி, எழும்போது பேட்ரிக் ட்ரோட்டன் என்ற வேறு நடிகரை எழுப்பியது. வேற்றுக்கிரகவாசி அல்லவா, உடம்பு பழசானால் புது உடம்பு வந்துவிடுமாம். அறிவியல் புனைகதை வரலாற்றின் மகத்தான கற்பனை என்று இதற்குப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். நம்ம சீரியல்காரர்கள் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு ஸ்லைடு போட்டு முடித்துவிடுவார்கள்: 'இவருக்குப் பதில் இவர்.'

ஆனால் வெள்ளைக்காரன் கெட்டிக்காரன். பதில் வந்தவரையும் வைத்துக்கொண்டு, போனவரையும் திரும்பக் கூப்பிட ஒரு வழி கண்டுபிடித்தான். காலயந்திரம்தான் இருக்கிறதே! பழைய டாக்டரும் புது டாக்டரும் ஒரே கதையில் சந்தித்தால் என்ன? இதுதான் ஆண்டுவிழா ஸ்பெஷலின் விதை. விதைத்தவர்களுக்கு அப்போது தெரியாது, நடிகர்களை ஒரே மேடையில் ஏற்றுவதைவிட டைனோசரை ஏற்றுவது சுலபம் என்று.

பத்தாம் ஆண்டு வந்தது. நியாயமாகப் பார்த்தால் 1973 நவம்பர். 'தி த்ரீ டாக்டர்ஸ்' தொடங்கிய தேதி 1972 டிசம்பர் 30! பதினோரு மாசம் முன்னாடியே கேக் வெட்டிவிட்டார்கள். முதல் எபிசோடில் 80 விநாடி லேட்டானதற்கு வட்டி போட்டுக் கட்டினார்கள் போலிருக்கிறது.

செட்டில் இரண்டு டாக்டர்கள், இரண்டு கத்தி. மூன்றாமவர் ஜான் பெர்ட்வீக்கு ஸ்கிரிப்ட் வேதம், புள்ளி கமா மாறக்கூடாது. இரண்டாமவர் ட்ரோட்டனுக்கு ஸ்கிரிப்ட் என்பது ஒரு யோசனை, அவ்வளவுதான். வாயில் வந்ததைச் சொந்தமாகப் பேசிக்கொண்டே போவார். தன் வசனம் எப்போது வரும் என்று தெரியாமல் பெர்ட்வீ முழிப்பார். கதையில் இரண்டு டாக்டர்களும் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்கிறார்களே, என்ன தத்ரூபமான நடிப்பு! பின்னாளில் இருவரும் நல்ல சிநேகிதர்களாகி, ரசிகர் கூட்டங்களில் அதே சண்டையை வேண்டுமென்றே போட்டுக் கைதட்டல் வாங்கினார்கள்.

தாத்தா ஹார்ட்னெலுக்கும் அழைப்பு போனது. சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். பிறகுதான் அவர் மனைவி தயாரிப்பாளரிடம் சொன்னார், அவருக்கு உடம்பும் சரியில்லை, வசனமும் நினைவில் நிற்காது என்று. கதையை மாற்றினார்கள். முதல் டாக்டர் ஒரு காலச்சுழலில் சிக்கிக்கொண்டார், அதனால் திரையில் மட்டும் தெரிவார். மனுஷனை உட்காரவைத்து, எதிரே பெரிய எழுத்தில் வசன அட்டை பிடித்தார்கள். அவர் படித்தார். அந்தச் சில நிமிஷத்திலும் கீழே இருக்கும் இரண்டு டாக்டர்களையும் பள்ளிப் பிள்ளைகளைத் திட்டுவதுபோலத் திட்டுகிறார் பாருங்கள், உளறலே இல்லை! வீட்டு ஷெட்டில் வைத்து எடுத்தார்கள் என்று ரொம்ப நாள் ஒரு கதை உலவியது. இல்லை, ஈலிங் ஸ்டூடியோவில்தான் எடுத்தார்கள். 1975-ல் அவர் காலமானார்.

இனி நான்காம் டாக்டர் டாம் பேக்கர். இவரைப் பற்றிப் பேசும் முன் கழுத்தைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் எங்கள் திருப்பூருக்குப் புரிகிற இடம் அதுதான். 1974-ல் அவருக்கு உடை தயாரித்த ஜேம்ஸ் அச்சிசன், ஒரு கம்பளிக் கழுத்துத்துணி பின்னச் சொல்லி, கலர் கலராக நூலை அள்ளி பிகோனியா போப் என்ற அம்மாளிடம் கொடுத்தார். எவ்வளவு நீளம் என்று அந்த அம்மாளுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. கொடுத்த நூல் அத்தனையையும் பின்னிவிட்டார். வந்து சேர்ந்த சரக்கு கழுத்தைச் சுற்றி, உடம்பைச் சுற்றி, அதற்கு மேலும் தரையைக் கூட்டிக்கொண்டு போனது.

பல்லடம் ரோட்டில் வீரபாண்டி பிரிவில் இறங்கி எந்த நிட்டிங் யூனிட்டில் வேண்டுமானாலும் இதைச் சொல்லிப் பாருங்கள். முதலாளிக்கு வியர்த்துவிடும். எத்தனை கிலோ நூல், எத்தனை பீஸ், எவ்வளவு வேஸ்டேஜ் என்று கிராம் சுத்தமாகக் கணக்கு எழுதுகிற ஊர் இது. ஸ்பெக் ஷீட் இல்லாமல் மெஷின் ஓடுமா? மெர்ச்சண்டைசர் சீட்டைக் கிழித்திருப்பார்கள். 'ஏனுங்க, அளவு கேக்காம கோன் தீர்ற வரைக்கும் ஓட்டிப்போட்டு வந்து நிக்கறீங்க, பையர் ரிஜக்ட் பண்ணா ஆரு தர்றது?' பையர் ரிஜக்ட் பண்ணவில்லை. டாம் பேக்கர் அதைப் பார்த்துச் சொக்கிப்போய் அப்படியே சுற்றிக்கொண்டார். உலகத்தின் மிகப் புகழ்பெற்ற பின்னலாடை ஒரு அளவுத் தப்பு! ஷார்ட்டேஜ், எக்சஸ் என்று இங்கே எத்தனை லாட் செகண்ட்ஸில் போயிருக்கிறது, ஒன்றுக்காவது இந்த யோகம் அடித்ததா?

கழுத்துத்துணிக்கு வந்த புகழ் கழுத்துக்கும் வந்தது. பேக்கர் ஏழு வருஷம் ஆண்டார், வேறெந்த டாக்டரும் அவ்வளவு நாள் இருந்ததில்லை. 1981-ல் விலகினார். 1983-ல் இருபதாம் ஆண்டு.

இந்த முறை பிபிசி ஏப்ரலிலேயே ஆரம்பித்தது. லாங்லீட் என்ற பிரபு மாளிகையில் ஈஸ்டர் விடுமுறைக்கு இரண்டு நாள் விழா. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம், கியூ, டிராபிக் ஜாம். காலத்தைக் கடக்கிற ஹீரோவைப் பார்க்க வந்தவர்கள் கார் பார்க்கிங்கைக் கடக்க முடியாமல் நின்றார்கள்.

நவம்பரில் ஸ்பெஷல், 'தி ஃபைவ் டாக்டர்ஸ்'. ஐந்து டாக்டர்களும் ஒரே கதையில். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! தேனிப் பக்கம் ஒரு வீரபாண்டி, சேலத்தில் ஒரு வீரபாண்டி, கோயம்புத்தூரில் ஒரு வீரபாண்டி, திருப்பூரில் எங்கள் வீரபாண்டி. நாலு ஊர்க்காரரையும் ஒரு மேடையில் ஏற்றி 'ஒரிஜினல் வீரபாண்டி பேசுவார்' என்று மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகும்? பிபிசி அதைத்தான் செய்யப் பார்த்தது. முதல் எழுத்தாளர் ராபர்ட் ஹோம்ஸ், 'இத்தனை பேரையும் ஒரு கதையில் திணிக்க என்னால் ஆகாது' என்று ஒதுங்கிக்கொண்டார். டெரன்ஸ் டிக்ஸ் வந்தார். டாக்டர் அஞ்சு, பழைய தோழிமார், பழைய வில்லன்களில் தலெக் ஒன்று, சைபர்மேன் ஒரு லாரி லோடு என்று கையில் பட்டியலைக் கொடுத்தார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே, முதலில் வருவதாகச் சொன்ன டாம் பேக்கர் 'வரவில்லை' என்று சொல்லிவிட்டார். விலகி இரண்டு வருஷம்தானே ஆகிறது, அதற்குள் என்ன பழைய மாணவர் சந்திப்பு என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

என்ன செய்வது? 1979-ல் 'ஷாடா' என்று ஒரு கதை, எழுதியவர் டக்ளஸ் ஆடம்ஸ். பாதி எடுத்திருக்கும்போது பிபிசியில் ஸ்டிரைக் வந்து நின்றுபோனது. அதில் பேக்கர் கேம்பிரிட்ஜ் ஆற்றில் ஜாலியாகப் படகு விடும் காட்சி பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அதைத் தட்டி எடுத்து ஒட்டினார்கள். படகில் போகிறார், திடீரென்று மாயம். விளக்கம்? காலச்சுழலில் சிக்கிக்கொண்டார்! பத்து வருஷத்துக்கு முன் ஹார்ட்னெலுக்கு எழுதிக்கொடுத்த அதே லீவு லெட்டர்.

சரி, பத்திரிகைக்குப் போட்டோ? ஐவரும் சேர்ந்து நிற்க வேண்டுமே! மேடம் டுஸ்ஸாட்ஸ் மியூசியத்திலிருந்து டாம் பேக்கரின் மெழுகுச் சிலையை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினார்கள். அந்தப் படம் இன்றும் இருக்கிறது, பாருங்கள். எல்லாரும் புன்னகையாக, ஒருவர் மட்டும் கண்ணை இமைக்காமல். ஹார்ட்னெல் இறந்துவிட்டதால் அவர் இடத்தில் ரிச்சர்ட் ஹர்ன்டல் என்பவர். ஆக ஐந்தில் ஒருவர் மாற்று ஆள், ஒருவர் மெழுகு. கல்யாண ஆல்பத்தில் கோபித்துக்கொண்டு வராத தாய்மாமன் போட்டோவை ஓரத்தில் வெட்டி ஒட்டுகிறோமே, அந்தத் தொழில்நுட்பத்தின் சர்வதேசப் பதிப்பு. மெழுகுக்கு ஒரு நல்ல குணம், சம்பளம் கேட்காது.

கதையிலும் ஒரு விஷயம் உண்டு. வில்லன், டாக்டரின் இனத்தாரான காலப்பிரபுக்களின் ஜனாதிபதி போருசா, அவருக்குச் சாகாவரம் வேண்டும். தருகிறேன் என்று பழைய மூதாதை ராசிலான் அவரைக் கல்லாக்கி வைத்துவிடுகிறார். சாகாவரம் கேட்டால் சிலை கிடைக்கும் என்பதைக் கண்டுபிடிக்க வெள்ளைக்காரனுக்கு வேற்றுக்கிரகம் தேவைப்பட்டது. நமக்கு எந்த ரவுண்டானாவிலும் நின்று பார்த்தாலே போதும்.

தேதி? நவம்பர் 23 அன்று சரியாக ஒளிபரப்பானது. அமெரிக்காவில்! அங்கே சில ஸ்டேஷன்கள் போட்டுவிட்டன. பெற்றெடுத்த பிரிட்டன் 25-ம் தேதிதான் பார்த்தது, ஒரு தர்மநிதி நிகழ்ச்சியின் நடுவில்.

இருபத்தைந்தாம் ஆண்டு, 1988, வெள்ளி விழா. வெள்ளி விழாவுக்கு யாரை வில்லனாகப் போடலாம் என்று மூளையைக் கசக்கி, வெள்ளி நிறத்தில் இருக்கிறார்களே என்று சைபர்மேன்களைப் போட்டார்கள். தலைப்பு 'சில்வர் நெமிசிஸ்'. முதல் எபிசோடு அச்சு அசலாக நவம்பர் 23. அடடா, கடைசியில் தேதி பிடித்துவிட்டார்கள் என்று சந்தோஷப்படாதீர்கள். மிச்ச எபிசோடுகளை பிரிட்டன்காரர்கள் வாரம் ஒன்றாகக் காத்திருந்து பார்க்க, நியூசிலாந்து 25-ம் தேதியே முழுக் கதையையும் பார்த்து முடித்துவிட்டது. அடுத்த வருஷம் டிசம்பரில் தொடர் நின்றது. நிறுத்திவிட்டோம் என்று பிபிசி சொல்லவும் இல்லை. வரும், வரும் என்றார்கள். கடனைத் திருப்பித் தருகிறவர்கள் பேசும் அதே குரலில்.

தொடரே இல்லை, ஆனால் முப்பதாம் ஆண்டு மட்டும் வந்து நின்றது. 1993. இப்போது நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பமாட்டீர்கள். உயிரோடிருந்த ஐந்து டாக்டர்களும் நடிக்க, கதையை 'ஈஸ்ட்எண்டர்ஸ்' என்ற குடும்ப சீரியலின் தெருவுக்குள் இறக்கினார்கள். ஆமாம், மகா சங்கமம்! சன் டிவிக்காரர்கள் காப்பிரைட் கேட்டிருக்க வேண்டும். பெயர் 'டைமென்ஷன்ஸ் இன் டைம்', இரண்டு நாளில் இரண்டு துண்டு, தர்ம காரியத்துக்காக. முதல் பகுதி முடிந்ததும் டாக்டரை யார் காப்பாற்றுவது, மேண்டியா, பிக் ரானா என்று ஜனங்களை போன் போட்டு ஓட்டளிக்கச் சொன்னார்கள். மேண்டி ஜெயித்தார். பிரபஞ்சத்தின் தலைவிதி மார்க்கெட் தெருப் பெண்ணின் கையில்.

அதுவும் த்ரீ-டியில்! ஒரு கண்ணுக்கு மட்டும் கறுப்புக் கண்ணாடி. கறுப்பு வழியாகப் பார்க்கிற கண்ணின் செய்தி மூளைக்குக் கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேரும், அந்தத் தாமதம்தான் ஆழமாகத் தெரியும். ஆனால் திரையில் எதுவாவது பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருந்தால்தான் இந்த ஜாலம் பலிக்கும். அதனால் கேமரா நிற்கவே இல்லை, சுற்றுகிறது, சுற்றுகிறது, பார்க்கிறவனுக்குத் தலையும் சுற்றுகிறது. ஒரு கண் இப்போதும், மறு கண் சற்று முந்தியும் பார்த்த அந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான் இந்தத் தொடர் மக்களை உண்மையிலேயே கூட்டிப்போன காலப்பயணம்.

காலமான முதலிரண்டு டாக்டர்களுக்கு? தலைகள் மட்டும், பொம்மைத் தலைகள், விண்வெளியில் சுழன்றன. இலவசமாக நடித்த நடிகர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள்: இதைத் திரும்ப ஒளிபரப்பக்கூடாது, விற்கக்கூடாது. தர்மத்தில் எது பெரிய தர்மம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முப்பதாம் ஆண்டுக்கு டாம் பேக்கர் வந்தார் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேனே. எல்லாரும் பார்க்கிற விழாவுக்கு மெழுகை அனுப்பிவிட்டு, யாரும் திரும்பப் பார்க்கக்கூடாத விழாவுக்கு மனுஷன் நேரில் வந்தார்!

நாற்பதாம் ஆண்டை வேகமாகக் கடந்துவிடலாம், பிபிசியும் அப்படித்தான் கடந்தது. 2003 நவம்பரில் இணையத்தில் ஒரு கார்ட்டூன் கதை, 'ஸ்க்ரீம் ஆஃப் தி ஷால்கா'. 'இவரே ஒன்பதாம் டாக்டர்' என்று ரிச்சர்ட் ஈ. கிராண்ட் குரல் கொடுத்தார். அதற்கு இரண்டு மாசம் முன்பே டிவி பிரிவு 'நாங்கள் தொடரைத் திரும்பக் கொண்டுவருகிறோம்' என்று அறிவித்துவிட்டது. அதற்கு வேறொரு ஒன்பதாம் டாக்டர், கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன். கிராண்ட் பட்டம் ஏற்ற அன்றே முன்னாள் ஆனார்.

ஐம்பது. 2013 நவம்பர் 23. சொன்ன தேதி, சொன்ன நாள், 94 நாடுகளில் ஒரே நேரத்தில், கின்னஸ் சாதனையோடு! அரை நூற்றாண்டு முயற்சிக்குப் பிறகு டார்டிஸ் சரியான இடத்தில் இறங்கியது. அதே 1963-ன் கிழமைகூட, சனி. ஆனால் விருந்துக்கு ஒருவர் வரவில்லை என்ற மரபை விட முடியுமா? இம்முறை எக்கிள்ஸ்டன் மறுத்தார். கதையில் பொத்தல். அதை அடைக்க, இதுவரை யாருக்கும் சொல்லாமல் மறைத்துவைத்த டாக்டர் ஒருவர் உண்டு என்று ஜான் ஹர்ட்டைக் கொண்டுவந்தார்கள். அறுபத்திமூவரில் ஒருவரை எண்ண விட்டுவிட்டோம் என்று திடீரெனச் சொன்னால் ஓதுவார்கள் நிலை என்ன? எண் போட்டுப் புத்தகம் எழுதிய ரசிகர்கள் நிலை அதுதான்.

அழைக்கப்படாத பழைய டாக்டர்கள் சும்மா இருக்கவில்லை. பீட்டர் டேவிசன், தானும் சக முன்னாள்களும் அந்த ஸ்பெஷலில் எப்படியாவது தலைகாட்ட ஸ்டூடியோவுக்குள் திருட்டுத்தனமாக நுழையப் பார்ப்பதையே அரைமணி நேரக் காமெடிப் படமாக எடுத்துவிட்டார். எங்களைக் கூப்பிடவில்லை என்று மூஞ்சியைத் தூக்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறோம். அதற்கு ஸ்கிரிப்ட் எழுதி, அதையும் அதே பிபிசியிடமே ஒளிபரப்பக் கொடுத்தவரை எங்கே பார்ப்பது?

ஸ்பெஷலின் கடைசியில் ஓவிய மாளிகைக் காப்பாளராக ஒரு கிழவர் நடந்து வருகிறார். 79 வயது டாம் பேக்கர். முப்பது வருஷம் லேட், ஆனால் மெழுகில்லை. கழுத்தில் அந்தத் துணி இல்லை. அதுவும் அந்தக் கதைக்கு வந்திருந்தது, ஒரு பெண் விஞ்ஞானியின் கழுத்தில் தொங்கிக்கொண்டு. பிகோனியா அம்மாளின் எக்சஸ் சரக்கு மட்டும் எந்த விழாவுக்கும் முறுக்கிக்கொண்டதில்லை.

அறுபதாம் கல்யாணம் 2023-ல். மூன்று ஸ்பெஷல்கள். ஐம்பதில் கற்றது ஐம்பதோடு போயிற்று, முதலாவது வந்தது 25-ம் தேதி. அழியாமல் மிஞ்சிய பழைய கதைகளை எல்லாம் தூசி தட்டி பிபிசியின் ஐபிளேயர் இணையத்தளத்தில் வரிசையாக அடுக்கிவைத்தார்கள், மணமக்களே வந்து பார்க்கும்படி. அடுக்கில் ஒரு கதை மட்டும் இல்லை. வாரிஸ் ஹுசைன் எடுத்த அந்த முதல் கதை! எழுதியவரின் வாரிசுக்கும் பிபிசிக்கும் உரிமை விஷயத்தில் ஒத்துவரவில்லை. அறுபதாம் பிறந்தநாளுக்குப் பிறந்த எபிசோடே வரவில்லை. டாம் பேக்கர் பாணி.

மூன்றாவது ஸ்பெஷல் 'தி கிக்கிள்'. அப்போதைய டாக்டர் டேவிட் டென்னன்ட் குண்டடி மாதிரி லேசரடி வாங்கிச் சாகப்போகிறார், புது உடம்பு வர வேண்டும். இந்த முறை பழையவர் போகாமலேயே புதியவர் வந்துவிட்டார். ஒருவரைப் பிடித்து இழுத்தால் இருவர். இவருக்குப் பதில் இவர் என்பது போய், இவரோடு இவரும். புதிய டாக்டர் ஷூட்டி கட்வா. மாற்று உடை இல்லாததால் உடம்பில் இருந்த ஒரே செட்டை இருவரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். பேன்ட் பழையவருக்கு. உலகைக் காப்பாற்றும் கடைசிப் போட்டிக்குப் புதியவர் சட்டையும் ஜட்டியுமாக வந்து நின்றார்.

அறுபது வருஷத் தொடர், பல கோடிப் பணம், உலகம் முழுக்க ஒளிபரப்பு, அதன் உச்சக்கட்டத்தில் ஒரு ஜட்டி! எங்கள் ஊர்க்காரன் வேறெதைப் பார்ப்பான்? எலாஸ்டிக் நன்றாகப் பிடித்திருக்கிறது, இடுப்புத் தையல் பிசிறில்லாமல் இருக்கிறது, செக்கிங் பாஸ். எத்தனை முறை பாஸ் பண்ணி ஜூம் பண்ணினாலும் உள்பக்க லேபிள் மட்டும் தெரியமாட்டேன் என்கிறது.